அனுமதி அட்டையும் அந்திமக் குரலும்: பில்லி ஹொலிடே பற்றிய இசைநாடகம் ஒன்றை முன்வைத்துச் சில குறிப்புகள்

புகழ்பெற்ற பாடகரின் வாழ்வை அரங்கிற்குக் கொணர்வோர் பெரும்பாலும் அவர்தம் இறுதி நாள்களையே தெரிந்தெடுக்கின்றனர். தளர்ந்த குரல், தீராத கடன், போதை, கைவிட்டகன்ற காதலர், ஈற்றில் ஒரு பாடல் என்னும் ஒழுங்கு ஏறத்தாழ ஒரு வாய்பாடாகவே நிலைபெற்றுவிட்டது. இவ்வாய்பாடு எதனைக் காட்டுகின்றது, எதனைக் காணாமற் செய்கின்றது என்பதே இக்கட்டுரையில் நாம் எழுப்பும் வினாவாகும். அமெரிக்க நாடகாசிரியர் லேனி ரொபர்ட்சன் எழுதி, 1986இல் அத்திலாந்தா நகரில் முதன்முதலாக மேடையேறிய 'லேடி டே அற் எமர்சன்ஸ் பார் அன்ட் கிறில்' என்னும் இசைநாடகத்தை இதன்பொருட்டு எடுத்துக்கொள்கின்றோம்.

2014இல் பிறோட்வே அரங்கில் பில்லி ஹொலிடேயாக நடித்த ஒட்றா மக்டொனால்டையே கொண்டு பதிவுசெய்யப்பட்ட இந்நாடகத்தை எச்.பி.ஓ. தொலைக்காட்சி 2016இல் ஒளிபரப்பியது. அப்பதிவினை மாளிகாவத்தை மாடிக்குடியிருப்பு ஒன்றில் நண்பர் சிலருடன் பார்த்தோம். ஆங்கிலம் அறியாதார்க்கு நாமே இடையிடையே பொருள் கூறினோம். முடிவில், பல்கலைக்கழகம் சென்றுவந்த எம்மில் ஒருவர், "எத்தகைய குரல்! குடியினால் அழிந்ததே" என்றார். நாமும் தலையசைத்தோம். கலியாண வீடுகளில் நெடுங்காலம் ஆர்மோனியம் வாசித்தவரான அயல்வீட்டு முதியவர் மட்டும் வேறொன்று கேட்டார்: "லைசன்ஸ பறிச்செடுத்தா அந்த மனிசி எங்க பெய்த்துப் பாடுற?" நாடகத்தில் நாம் செவியோடு கடந்துசென்ற ஒரு செய்தியை அவர் பற்றிக்கொண்டார். இக்கட்டுரை அவ்வினாவிலிருந்தே பிறந்தது.

அந்த 'லைசன்ஸ்' யாது? 1940 முதல் 1967 வரை நியூயோர்க் நகரில், மது விற்கப்படும் இரவுக் கழகங்களில் பாடவோ வாத்தியம் இசைக்கவோ விரும்புவோர் பொலிஸார் வழங்கும் அனுமதி அட்டையை வைத்திருத்தல் வேண்டும். குற்றத் தீர்ப்புப் பெற்றவர்க்கு அவ்வட்டை மறுக்கப்படலாம். 1947இல் போதைப்பொருள் வழக்கில் ஓராண்டும் ஒருநாளும் சிறைத்தண்டனை பெற்ற பில்லி ஹொலிடே அதனை இழந்தார். விடுதலையானதும் 1948 மார்ச்சில் கார்னகி மண்டபத்தில் அவர் பாடியபோது மண்டபம் நிரம்பி வழிந்தது. ஏனெனில், கச்சேரி மண்டபத்துக்கு அட்டை வேண்டியதில்லை. ஆயின், மண்டபக் கச்சேரி எப்போதாவது வாய்ப்பது. வாராந்தம் கூலி தருவது இரவுக் கழகமே. அந்த நிலையான தொழிற்களம் அடைக்கப்பட்டமையால் ஊரூராகச் சென்று பாட நேர்ந்தது. பியானோக் கலைஞர் தெலோனியஸ் மங்க்கும் 1951இல் இவ்வாறே அட்டையை இழந்தவர். எனவே, இது தனியொருவரின் துரதிர்ஷ்டமன்று. இசைத் தொழிலாளரைக் கட்டுப்படுத்திய ஓர் ஒழுங்குமுறை என்பதை மனங்கொள்ளல் வேண்டும்.

நாடகம் 1959 மார்ச் மாதத்து இரவொன்றில், தென் பிலடெல்பியாவின் சிறு மதுச்சாலை ஒன்றில் நிகழ்கின்றது. பியானோ வாசிப்பவர் உடனிருக்க, பாடகி பாடுகின்றார், குடிக்கின்றார், பேசுகின்றார். பேச்சு வரவரப் பாடலை விழுங்குகின்றது. தென்மாநிலப் பயணத்தின்போது கறுப்பினத்தவர் என்பதால் கழிவறை மறுக்கப்பட்ட கதையை அவர் நகைச்சுவையாகச் சொல்கின்றார். சிரித்துக்கொண்டிருக்கும் பார்வையாளர் சிரிப்பதா என்று தயங்கும் கணமொன்று வருகின்றது. இங்கு ரொபர்ட்சனின் ஆற்றல் நன்கு வெளிப்படுகின்றது. பாடலை மட்டும் வேண்டி வந்தவர்க்கு அப்பாடல் எங்கிருந்து வந்ததென்பதையும் கேட்டேயாக வேண்டிய நிர்ப்பந்தத்தை நாடகத்தின் வடிவமே உண்டாக்குகின்றது. கறுப்பின மக்கள் மரங்களில் தூக்கிலிட்டுக் கொல்லப்பட்டமையைக் கூறும் 'ஸ்ட்ரேஞ்ச் ஃபுரூட்' இச்சூழலில் ஒலிக்கும்போது, அது வெறும் சோகப் பாடலாக நின்றுவிடுவதில்லை. அதனை இயற்றியவர் ஏபல் மீரோபோல் என்னும் பொதுவுடைமைவாதப் பள்ளி ஆசிரியர். பாடகியை ஒப்பந்தம் செய்திருந்த கொலம்பியா நிறுவனம் அப்பாடலைப் பதிவுசெய்ய முன்வராமையால், 1939இல் கொமடோர் என்னும் சிறு நிறுவனமே அதனை வெளியிட்டது.

எனினும் நாடகத்தின் எல்லையும் இவ்விடத்திலேயே தெரிகின்றது. கதை முழுவதும் ஓர் இரவுக்குள் அடக்கப்படுவதால் அட்டையைப் பறித்த கை மேடைக்கு வருவதில்லை. அது பாடகியின் வாய்ச்சொல்லாக மட்டுமே வந்து மறைகின்றது. ஊசித் தழும்பு கண்ணுக்குத் தெரிகின்றது. பொலிஸ் விதி காதில் விழுந்து கடந்துபோகின்றது. அரங்கிற் கண் பெறும் பதிவைக் காது பெறுவதில்லை. 2014ஆம் ஆண்டு மேடையேற்றத்தில் பார்வையாளர் சிலர் மதுச்சாலை மேசைகளிலேயே அமர்த்தப்பட்டனர். அன்றைய பாடகியைக் கேட்க வந்த சிலரின் இடத்தில், அவர் அழிவைக் காண விலைகொடுத்த பலர் அமர்ந்தனர். வீழ்ச்சியும் விற்பனைப் பண்டமாகும் இந்நிலை நாடகாசிரியரின் நோக்கம் அன்று என்பதை ஏற்கின்றோம். ஆயினும் அந்நிலையை நாடகம் கேள்விக்குட்படுத்தவில்லை.

பீற்றர் குயில்ற்றரின் 'எண்ட் ஒவ் த றெயின்போ' (2005) உடன் ஒப்பிடும்போது ரொபர்ட்சனின் மேம்பாடு புலனாகும். ஜூடி கார்லண்ட் 1968ஆம் ஆண்டு இறுதியில், கடன்பட்ட நிலையில், இலண்டனில் ஐந்து வாரம் பாட வந்ததை அது சித்திரிக்கின்றது. பதின்மூன்று வயதில் எம்.ஜி.எம். நிறுவனத்தால் ஒப்பந்தம் செய்யப்பட்ட சிறுமியின் உழைப்பு எவ்வாறு பிழிந்தெடுக்கப்பட்டது என்பது அங்கு நினைவுக் குறிப்பாகவே நிற்கின்றது. மோதலின் மையத்தில் இருப்போர் மணக்கவிருப்பவரும் பியானோ வாசிப்பவருமாகிய இரு ஆடவர். இவர்களுள் எவர் அவரைக் காப்பார் என்பதே நாடகத்தின் வினா. சமூக முரண்பாடு இவ்வாறு தனிமனிதக் காதற் பிரச்சினையாகச் சுருங்கிவிடுகின்றது.

இங்கு முற்போக்காளராகிய எமக்கும் ஓர் எச்சரிக்கை தேவை. போதை பொய்யன்று, 1956இல் வெளிவந்த தன்வரலாற்றில் பில்லி ஹொலிடேயே அதனை மறைக்கவில்லை. அட்டையைச் சொல்லி அனைத்தையும் விளக்கிவிடலாம் எனக் கருதுவது கொச்சைப் பொருள்முதல்வாதமாகும். 1958ஆம் ஆண்டுப் பதிவுகளில் அவர் குரல் கரகரத்துள்ளது. ஆனால் சொல்லைத் தாளத்துக்குச் சற்றுப் பிந்தி வைக்கும் அவரது கலை அங்கும் தன்னுணர்வோடு தொழிற்படுகின்றது. அதனைச் சிதைவு என்று மட்டும் கேட்டு இரங்குவோர் கலைஞரின் உழைப்பை மறந்துவிடுகின்றனர்.

இவ்வினா எமக்கு அந்நியமானதன்று. பில்லி ஹொலிடே மருத்துவமனைக் கட்டிலிலேயே கைதுசெய்யப்பட்டு, 1959 யூலை 17இல் தமது 44ஆம் வயதில் மறைந்தார். அதே ஆண்டு நவம்பர் 1இல் எம். கே. தியாகராஜ பாகவதர் காலமானார். 1944இல் லட்சுமிகாந்தன் கொலை வழக்கிற் கைதாகி, 1947இல் விடுதலையான அவரது பிற்காலத்தை எம்மவர் 'விதி' என்ற சொல்லால் முடித்துவிடுவர். அவர் சிறையிலிருந்து மீண்ட காலத்தில் தமிழ்த் திரைப்படத்தின் உற்பத்தி முறையே மாறிக்கொண்டிருந்தது. பின்னணிப் பாடல் முறை பரவிக் குரலும் முகமும் வெவ்வேறாக விலைபோகும் பண்டங்களாயின, வசனம் மேலோங்கியது. பாடி நடிப்பவர் என்ற தொழிலே அருகிற்று. இம்மாற்றத்தைக் காட்டாமற் பாகவதரின் இறுதி நாள்களை மேடையேற்றுவோர் கண்ணீரையன்றி வேறெதனையும் பெறார்.

ஈழத்திலும் உருக்மணி தேவி இருக்கின்றார். 1923இல் இறம்பொடையில், கொழும்புச் செட்டிக் குடும்பமொன்றில் டெய்சி இராசம்மாவாகப் பிறந்து, 1947இல் முதற் சிங்களப் பேசும்படமான 'கடவுணு பொறொந்துவ'வின் கதாநாயகியானவர். 1978 ஒக்டோபர் 28இல், இசை நிகழ்ச்சி ஒன்றிற் பாடிவிட்டு வீடு திரும்புகையில் வாகன விபத்தில் மாண்டார். அவரைப் பற்றி எழுத முனையும் நாடகாசிரியர்க்கு விபத்து நடந்த இரவே முதலில் கண்ணில் தோன்றும். ஐம்பத்தைந்து வயதில், நாட்டின் முதற் திரைப்பட நாயகி இரவு நேரத்தில் தொலைவூரிலிருந்து பாடித் திரும்ப வேண்டியிருந்தது ஏன், அவர் குரல் பதிந்த இசைத்தட்டுகளின் வருமானம் யாரைச் சேர்ந்தது ஆகிய வினாக்களோடு அவர் தொடங்குவாராயின், மாளிகாவத்தை முதியவர் போன்றோர் அந்த அரங்கில் தம் வாழ்வையும் காண்பர். அத்தகைய நாடகம் எழுதப்படும்வரை அவரது வினாவுக்கு நாம் விடை கூறக் கடமைப்பட்டவர்களாகவே இருப்போம்.