மூவிராசாக்களின் வரவு

மலருக்கு ஏதேனும் எழுதித் தாருங்கள் என்று மன்றத்தார் இரண்டு தடவை வீட்டுக்கு வந்து கேட்டபின் மறுக்க மனம் வரவில்லை. தலைவர் எனக்கு மூத்தவர். செயலாளர் என்னோடு ஒரே களரியில் ஆடியவர். கூத்தில் வடபாங்கு, தென்பாங்கு என்று உங்களுக்கு நான் பாடம் எடுக்கத் தேவையில்லை. யார் யாரிடம் பழகினார், எந்த ஊர் ஏடு எந்த ஊருக்குப் போனது என்பதை என்னைவிட நன்கறிந்த பெரியவர்கள் இந்த மன்றத்திலேயே இருக்கிறார்கள்.

எங்கள் அண்ணாவியார் தென்பாங்குக்காரர். வடபாங்கைக் குறைத்து அவர் ஒரு சொல் சொன்னதில்லை, உயர்த்தியும் சொன்னதில்லை. அருவி வெட்டு முடிந்து சனம் ஆறியிருக்கும் நாட்களில் பழக்கம் தொடங்கும். முதலில் செபமாலை, பிறகுதான் மத்தளம். “வேசம் கட்டுறது நேர்த்தி தம்பி, விளையாட்டில்லை” என்பார். தாளம் பிசகினால் அடிக்கமாட்டார், ஏசமாட்டார். மத்தளத்தை நிறுத்திவிட்டுப் பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பார். அதற்கு அடியே மேல். மூவிராசாக்கள் நாடகத்தில் எனக்குக் கஸ்பார் ராசா. வரவு விருத்தத்தின் முதலடியை மட்டும் எட்டு இரவு பாடவைத்தார்.

அந்த ராசாக்கள் உண்மையில் யார் என்பது வெகுகாலம் கழித்தே எனக்குத் தெரிந்தது. மத்தேயு சுவிசேசத்தில் அவர்கள் ராசாக்கள் இல்லை, ஞானிகள். மூன்று பேர் என்ற கணக்கும் அங்கில்லை. மூல மொழியில் அவர்களுக்கு வைத்திருக்கும் பெயர், பாரசீகத்தின் சொராஸ்திரியக் குருக்குலத்துக்கு வழங்கிய பெயர். அந்த மார்க்கத்தார்தான் பிறகு கடல் கடந்து குஜராத்துக்கு வந்து பார்சிகள் ஆனார்கள். கொழும்புக்குப் போனவர்கள் புறக்கோட்டை வாசலில் நிற்கும் கான் மணிக்கூட்டுக் கோபுரத்தைப் பார்த்திருப்பீர்கள். அது ஒரு பார்சிக் குடும்பம் கட்டியது. இன்று இலங்கை முழுவதிலும் அவர்கள் நூறு பேருக்கும் குறைவு. இந்தியாவில் 1941இல் 1,14,890 பேர். 2011 கணக்கெடுப்பில் 57,264. சென்னை இராயபுரத்தில் அவர்களுடைய கோயிலில் 1910இல் ஏற்றிய நெருப்பு அணையாமல் எரிகிறது. ஆனால் அதன் முன் வேதம் ஓதத் தகப்பன் வழியில் குருவாய் வரவேண்டிய பிள்ளைகள் வேறு தொழில்களுக்குப் போய்விடுகிறார்கள். சின்ன வயதில் வாயால் ஓதி மனனம் பண்ணவேண்டிய வேதம் அது. எங்கள் அண்ணாவி வீடுகளிலும் இதே கதைதான். கனடாவில் இருக்கும் பேரனுக்கு மத்தளத்தின் எந்தப் பக்கம் வலந்தலை என்று தெரியாது.

இப்போது ஆடுகிறவர்களில் யாரையும் குறித்து நான் சொல்லவில்லை. பிள்ளைகள் ஆர்வமாகச் செய்கிறார்கள், அவர்களை வாழ்த்தவேண்டும். இருந்தாலும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. விடிய விடிய ஆடிய நாடகத்தைப் போட்டிக்காக ஒரு மணித்தியாலத்துக்குள் அடக்குகிறார்கள். அடக்கட்டும். அதற்காக மூன்று ராசாக்களும் ஒரே தருவில் சேர்ந்து வருவதா? மூன்று திசையிலிருந்து, மூன்று வரவு, மூன்று மெட்டு. ஒருவரையொருவர் அறியாமல் புறப்பட்டு வழியில் சந்திப்பதுதானே கதை! அண்மையில் ஒரு மேடையில் மூவரும் உயிலங்குளச் சந்தியில் ஒரே பஸ்ஸால் இறங்கியவர்கள்போல் வந்து நின்றார்கள். பிற்பாட்டு இல்லை. மத்தளமும் இல்லை, பென் டிரைவில் இருந்து இசை வந்தது. ராசா ஒருவர் கைக்கடிகாரத்தோடு நின்றார். நடுவர்கள் அதற்குப் புள்ளி கொடுத்தார்கள், சபையும் கைதட்டியது. நான் அன்றிரவு சாப்பிடவில்லை. கைக்கடிகாரத்தைப் பொறுக்கலாம். ஒரே தருவில் வந்ததைப் பொறுக்க முடியாது. ஏரோது செய்த அநியாயத்துக்கு அடுத்தபடி இதைத்தான் வைப்பேன்.

பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1966இல் மூவிராசாக்கள் நாடகத்தைப் பதிப்பித்துத் தந்தார். அந்தப் புண்ணியத்தால் பாட்டு இருக்கிறது. மெட்டு அச்சில் ஏறாது. எங்கள் அண்ணாவியார் தாளக்கட்டுகளை ஓரத்தில் குறித்துவைத்த கொப்பி, சனம் இடம்பெயர்ந்த காலத்தில் கைமாறிக் காணாமற்போனது. நீல மட்டை, எண்ணெய்க் கறை, முதல் பக்கத்தில் சிலுவை அடையாளம். யார் வீட்டு ட்ரங்குப் பெட்டியிலாவது இருந்தால் மன்றச் செயலாளரிடம் கொடுங்கள். போட்டோப்பிரதி எடுத்துக்கொண்டு மூலத்தைத் திருப்பித் தருவோம்.