பெயரும் பூதமும்: ‘ரெறர்’ தொலைக்காட்சித் தொடரில் வரலாற்று மாந்தர்

வரலாற்று மாந்தரைக் கதைமாந்தராக்குதல் இலக்கியத்திற் புதியதொன்றன்று. வரலாற்று நாவல் பற்றிய தமது நூலில் ஜோர்ஜ் லூகாக்ஸ், வால்ரர் ஸ்கொட் அரசரையும் படைத்தலைவரையும் கதையின் ஓரத்தே நிறுத்தி, கற்பனையான சராசரி மனிதனொருவனை மையத்தில் வைத்தமையை விதந்து கூறினார். சமூக சக்திகளின் மோதல் அத்தகையவனின் வாழ்விலேயே தெளிவாகப் புலப்படும் என்பது அவர் கருத்து. இன்றைய அமானுஷ்யத் திகில் தொலைக்காட்சித் தொடர்கள் சில இம்முறையைத் தலைகீழாக்கியுள்ளன. மெய்யாக வாழ்ந்தவர்கள் தம் மெய்ப்பெயர்களுடனேயே மையத்துக்கு வருகின்றனர். அவர்களோடு பேயும் பூதமும் வருகின்றன. பூதத்தைச் சேர்த்தது வரலாற்றுக்கு இழைத்த துரோகம் என்று கண்டிப்போர் உளர். கலைஞனின் சுதந்திரம் என்று காப்போரும் உளர். இவ்விரு சாராரும் பூதத்தையே பார்த்துக்கொண்டிருப்பதால், பூதம் இல்லாத காட்சிகளில் நிகழ்வதைக் கவனியாது விடுகின்றனர். இக்கருத்தை ஓர் உதாரணங்கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

டான் சிமன்ஸ் 2007இல் வெளியிட்ட நாவலைத் தழுவி, அமெரிக்காவின் ஏ.எம்.சி. நிறுவனம் 2018இல் ‘ரெறர்’ என்னும் தொடரைப் பத்துப் பகுதிகளாக ஒளிபரப்பியது. ஆசியச் சந்தைகளுக்கு வடதுருவக் கடல்வழியாகக் குறுக்குப்பாதை காணும் பொருட்டு, 1845 மே மாதம் சேர் ஜோன் பிராங்ளின் தலைமையில் ‘எரேபஸ்’, ‘ரெறர்’ என்னும் இரு பிரித்தானியக் கடற்படைக் கப்பல்கள் புறப்பட்டன. இடையிற் சிலர் திருப்பியனுப்பப்பட, எஞ்சிச் சென்றோர் 129 பேர். அவர்களுள் ஒருவரும் மீளவில்லை. கிங் வில்லியம் தீவின் கற்குவியலொன்றில் 1859இற் கண்டெடுக்கப்பட்ட ஒற்றைத்தாட் குறிப்பு, 1846 செப்டெம்பரிலிருந்து கப்பல்கள் பனியிற் சிறைப்பட்டிருந்தமையையும், 1847 ஜூன் 11இல் பிராங்ளின் இறந்தமையையும், 1848 ஏப்ரலில் எஞ்சிய 105 பேர் கப்பல்களைக் கைவிட்டுத் தெற்கு நோக்கி நடக்கத் தொடங்கியமையையும் கூறுகிறது. அதில் கையொப்பமிட்டோர் கப்பற்றலைவர்களான குறோசியரும் பிற்ஸ்ஜேம்சும் ஆவர்.

இத்தொடரில் பிராங்ளினைக் கொல்வது தூன்பக் எனப் பெயரிடப்பட்ட பூதம். மனிதமுகச் சாயல் கொண்ட பெருங்கரடி போன்ற இப்பூதம் இனுயிற் மக்களின் மரபுக்கதைகளில் உள்ளதன்று, சிமன்ஸின் கற்பனை. பிராங்ளின் எதனால் இறந்தார் என்பதை மேற்படி குறிப்புக் கூறவில்லை. அந்த வெற்றிடத்தையே கற்பனை நிரப்புகிறது. இதனால் எவரும் ஏமாற்றப்படுவதில்லை. பூதம் தன்னைப் பூதமென்றே அறிவித்துக்கொண்டு வருகிறது. அதன்பொருட்டு மெய்க்காரணங்கள் மறைக்கப்பட்டுவிட்டனவா என்று நோக்கினால், அவ்வாறுஞ் சொல்வதற்கில்லை. அவசரமாகக் குறைந்த விலைக்கு ஒப்பந்தஞ் செய்து பெற்ற தகரப் பேணி உணவு பழுதுற்றமையும், ஈயம் அதிற் கலந்தமையும் தொடரில் முக்கிய இடம் பெறுகின்றன. ஈயமே அழிவுக்குத் தலையாய காரணமா என்பது ஆய்வாளரிடையே இன்றும் விவாதத்துக்குரியதே. எனினும், கடற்படை நிர்வாகமும் ஒப்பந்தக்காரரின் இலாபமும் பேரரசின் அகம்பாவமும் மாலுமியின் உடலில் நஞ்சாக இறங்குவதைக் காட்டியமை பாராட்டத்தக்கது. மூலதனத்தைக் குருதியுறிஞ்சும் பிசாசுக்கு ஒப்பிட்ட மார்க்ஸ், அமானுஷ்ய உருவகம் சமூக உண்மையைத் துலக்கவும் வல்லதென்பதை உணர்ந்தேயிருந்தார். ஆகவே பூதம் என்பதனாலேயே ஒரு படைப்பை ஒதுக்குதல் விமர்சனமாகாது.

பிரச்சினை பெயர்களில் தொடங்குகிறது. பிராங்ளினுக்கு இலண்டனில் 1866இல் சிலை நிறுவப்பட்டது. குறோசியருக்கு அவர் பிறந்த அயர்லாந்து ஊரான பான்பிரிட்ஜில் நினைவுச்சின்னம் உண்டு. இருவருக்கும் கடிதங்களும் வரலாற்று நூல்களும் உள. ஆதலின் எழுத்தாளர் அவர்களைக் கையாளும்போது சான்றுகள் அவர் கையைப் பிடிக்கின்றன. கோர்ணீலியஸ் ஹிக்கியின் நிலை வேறு. கப்பற் பலகைகளின் இடுக்குகளை அடைக்கும் கலப்பற்றுக்காரனின் உதவியாளாக ‘ரெறர்’ கப்பலிற் பணிசெய்த இத்தொழிலாளியைப் பற்றிக் கப்பற் பதிவேட்டின் சில வரிகளுக்கு மேல் அதிகம் இல்லை. கொலைஞனாகவும் கலகக்காரனாகவும் நரமாமிசந் தின்போரின் தலைவனாகவும் கதை தேர்ந்தெடுத்தது இவனையே. அதிகாரிகளுக்கு அவலநாயகரின் மாண்பு. தொழிலாளிக்கு வில்லன் வேடம். ஆவணமற்றவனின் பெயர் எவரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய பொதுச்சொத்தாகிவிடுகிறது. ஆவணமின்மையோ தற்செயலன்று; அது அவனது வர்க்க நிலையின் விளைவு.

தொடரை ஆக்கியோர் இதனை ஓரளவு உணர்ந்தனர் போலும். நாம் கண்ட ஹிக்கி மெய்யான ஹிக்கி அல்லன், அவனைக் கொன்று அவன் பெயரைத் திருடிக்கொண்டு கப்பலேறிய வேறொருவன் என நாவலில் இல்லாத திருப்பமொன்றை இறுதிப் பகுதியில் வைத்தனர். இறந்த தொழிலாளிக்குத் தரப்பட்ட இந்த நட்டஈடு நேர்மையானது, ஆயின் அரைகுறையானது. பழி பெயரினின்று நீங்குகிறது, வர்க்கத்தினின்று நீங்கவில்லை. நரமாமிசம் உண்ணுதல் தொடரில் முதன்மையாகக் கலகக்கார மாலுமிகளின் செயலாகவே நிற்கிறது. கிங் வில்லியம் தீவில் கிடைத்த எலும்புகளோ வேறு கதை சொல்கின்றன. 2024இல் மரபணுச் சோதனையால் அடையாளங்காணப்பட்ட தாடையெலும்பொன்று, ‘எரேபஸ்’ கப்பலின் தலைவர் பிற்ஸ்ஜேம்சினுடையது. அதில் கத்தி வெட்டுத் தடங்கள் உள்ளன. பசி, பதவி பார்க்கவில்லை.

இனிப் பூதமில்லாத காட்சியொன்றை நோக்குவோம். தொடரின் தொடக்கத்தில், தேடிவந்த ஜேம்ஸ் ரொஸ்ஸிடம் இனுயிற் வேட்டைக்காரர் ஒருவர் குறோசியர் இறந்த செய்தியைக் கூறுகிறார். அது பொய் என்பதும், குறோசியர் உயிருடன் மறைந்திருந்து அவ்வாறு சொல்வித்தார் என்பதும் இறுதியில் வெளியாகின்றன. இக்காட்சி உருக்கமானது, பேரரசைத் துறந்து புதிய சமூகத்தில் அமைதி தேடும் மனிதனின் முடிவு அது. ஆயின் வரலாற்றின்முன் வைத்துப் பார்க்கும்போது இதன் பொருள் மாறிவிடுகிறது.

ரொஸ் 1848-49இல் தேடிச்சென்றது உண்மை. அவர் அத்தீவை அடையவில்லை. செய்தியை முதலிற் கொணர்ந்தவர் ஜோன் ரே. கண்டவர்களிடம் தாம் கேட்டறிந்ததை இனுயிற் மக்கள் 1854இல் அவரிடம் கூறினர். வெள்ளையர் பசியால் மடிந்தனர், இறுதியில் ஒருவரையொருவர் உண்டனர் என்பதே அச்செய்தி. அதிகாரிகளின் வெள்ளிக் கரண்டிகளும் சான்றாகக் கிடைத்தன. இலண்டன் அதனை ஏற்கவில்லை. பிராங்ளினின் மனைவி சீற்றங்கொண்டார். சார்ள்ஸ் டிக்கன்ஸ் தமது வாரஇதழில், காட்டுமிராண்டிகளின் வாய்ச்சொல்லை நம்புவதா என்ற தோரணையில் எழுதினார்; அவர்களே அம்மனிதரைக் கொன்றிருக்கலாமென்றும் ஐயுற்றார். நூற்றாண்டுக்கு மேலாக நிலவிய அவ்வவநம்பிக்கையை எலும்புகளின் மீதான வெட்டுத்தடங்களே முடிவாகத் தகர்த்தன. ‘எரேபஸ்’ 2014இலும் ‘ரெறர்’ 2016இலும் கடலடியிற் கண்டுபிடிக்கப்பட்டபோது, இனுயிற் மக்களின் வாய்மொழி மரபும் உள்ளூர் அறிவுமே தேடுவோருக்கு வழிகாட்டின.

ஆக, வரலாற்றில் உண்மை சொன்னதற்காகப் பொய்யர் எனப்பட்ட மக்கள், தொடரில் வெள்ளை அதிகாரியொருவரின் அமைதிக்காக மெய்யாகவே பொய் சொல்கின்றனர். தொடரின் முதன்மை இனுயிற் பாத்திரமான சில்னா, பூதத்தோடு பிணைப்புறுவதற்காகத் தன் நாவையே அறுத்துக்கொள்கிறாள். இனுயிற் நடிகர்களையும் அவர்தம் மொழியையும் மதிப்புடன் பயன்படுத்திய தொடரொன்றில் இவ்வாறு நேர்ந்தமை கவனத்துக்குரியது. ஆக்கியோரிடம் தீய நோக்கம் இருந்ததென்று நான் கருதவில்லை. கருத்துநிலை இயங்குவதற்குத் தீய நோக்கம் தேவையில்லை. கதையின் துயரம் எவர் கண்வழியாகக் காணப்படுகிறதோ, அவருக்கு ஏற்றவாறு ஏனையோரின் வாய்மை வளைந்துகொடுக்கும்.

மெய்ப்பெயர்களைத் திகிற்கதையிற் பயன்படுத்தலாமா என்பதற்கு இதிலிருந்து பெறப்படும் விடை, பயன்படுத்தலாம் என்பதே. ஆயின் மெய்ப்பெயர் ஒரு கடன். சிலையும் ஆவணமும் உடையோருக்குக் கடன்பட்டவன், சிலையற்ற ஹிக்கிக்கும் கடன்பட்டவனே; பெயர்கூடப் பதியப்படாது உண்மை சொன்னோருக்கு அதனினும் மிகுதியாகக் கடன்பட்டவன். பூதத்தின் நகங்களை எண்ணுவது விமர்சகனின் வேலையன்று. பூதம் திரையை விட்டகன்றபின், யார் பேசுகிறார், யாருடைய பேச்சுப் பொய்யாக்கப்படுகிறது என்று கேட்பதே அவனது வேலை.