மெத்தை போட்டால் வலி தீருமா?

ரோயிங் மெஷினில், அதாவது துடுப்பு இயந்திரத்தில், பழகியவர்கள்கூட அரை மணி நேரத்துக்கு மேல் அதில் உட்காரத் தயங்குகிறார்கள். மூச்சு வாங்குவதோ கை ஓய்ந்துபோவதோ காரணம் அல்ல. பிட்டம் வலிக்கிறது, சிலருக்குக் கால் மரத்துப்போகிறது. கால், இடுப்பு, முதுகு, கை, நெஞ்சு என எல்லாவற்றுக்கும் ஒருசேர வேலை கொடுத்து, ஓட்டத்தைப் போல முழங்காலைத் தாக்காத ஓர் அருமையான பயிற்சி இது. அதை ஓர் இருக்கையின் பொருட்டுப் பலர் கைவிடுவது வருத்தம் தருகிறது.

இதற்குப் பெரும்பாலோர் கையாளும் வழி, இருக்கையின் மேல் எதையாவது விரிப்பது. நுரைமெத்தை, ஜெல் மெத்தை, நான்காக மடித்த துண்டு, யோகா விரிப்பிலிருந்து வெட்டிய துண்டு, பொருள்களைப் பொதிந்துவரும் குமிழ் பிளாஸ்டிக் தாள் வரை எல்லாமே புழக்கத்தில் உண்டு. நல்ல வழிதானா இது?

இருக்கையின் பக்கத்து நியாயத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். அதன் வடிவம் படகிலிருந்து வந்தது. நகரும் இருக்கை வருவதற்கு முன், துடுப்பு வீரர்கள் பலகையில் எண்ணெயோ கொழுப்போ தடவி, தோல் வைத்துத் தைத்த கால்சட்டையோடு அதன்மேல் வழுக்கிப் போய்வந்தார்கள். ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் அணிகள் தேம்ஸ் நதியில் மோதும் போட்டியில் நகரும் இருக்கைகள் முதன்முறையாக 1873-இல் பயன்பட்டன. அன்று முதல் இருக்கை கடினமாகவே இருந்துவருகிறது. கால் உதைக்கும் விசை மெத்தையில் அமுங்கி வீணாகக் கூடாது, படகின் அசைவு உடம்புக்குத் தெரிய வேண்டும் என்பவை காரணங்கள். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் டிரைசிகாக்கர் சகோதரர்கள் 1981-இல் சைக்கிள் சக்கரத்தை வைத்துத் தங்கள் முதல் கான்செப்ட்2 துடுப்பு இயந்திரத்தை உருவாக்கியதும், குளிர்காலத்தில் ஆறு உறையும்போது படகு வீரர்கள் பயிற்சி செய்வதற்காகத்தான்.

அவர்களுடைய போட்டித் தூரம் 2,000 மீட்டர். நல்ல வீரர் 6 அல்லது 7 நிமிடங்களில் முடித்து எழுந்துவிடுவார். இன்றோ அதே வகை இருக்கையில் உட்கார்ந்து அரை மாரத்தான், முழு மாரத்தான் தூரம் இழுக்கிறார்கள். 500 மீட்டருக்கு இரண்டரை நிமிடம் என்ற வேகத்தில் 42,195 மீட்டரைக் கடக்க மூன்றரை மணி நேரம் ஆகும். நிமிடத்துக்கு 22 இழுப்பு என்றால், இடுப்பு அந்தப் பலகையின் மேல் 4,600 தடவைக்கு மேல் முன்னும் பின்னும் உருள்கிறது. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

நாற்காலியில் உட்கார்ந்தபடியே உள்ளங்கையைப் பிட்டத்துக்கு அடியில் கொடுத்துப் பாருங்கள். இரு பக்கமும் கெட்டியாக ஓர் எலும்பு தட்டுப்படும். நிற்கும்போது அதைப் பிட்டத்தின் பெரிய தசை மூடியிருக்கும். உட்கார்ந்தவுடன் தசை மேலேறி விலகிவிடும். மிஞ்சுவது தோலும் கொஞ்சம் கொழுப்பும்தான். மேலுடம்பின் எடையில் பெரும்பகுதி இந்த இரண்டு எலும்பு முனைகளில் இறங்குகிறது. தொடையின் பின்தசைகளும் இதே எலும்பிலிருந்துதான் புறப்படுகின்றன. அழுத்தம் தொடர்ந்தால் அங்குள்ள நுண்ணிய ரத்தக் குழாய்கள் நசுங்கி ரத்தம் வருவது குறைகிறது. முதலில் எரிச்சல், பிறகு வலி. பக்கத்தில் ஓடும் சயாட்டிக் நரம்பும் அழுத்தப்பட்டால் கால் மரக்கிறது. இருக்கையில் இரண்டு குழிகளும் பின்புறம் வால் எலும்புக்காக ஒரு வெட்டும் இருப்பது இந்த அழுத்தத்தைப் பரப்பத்தான்.

இவ்வளவும் தெரிந்த பிறகு பார்த்தால் மெத்தைக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. சதைப்பற்று குறைந்தவர்களுக்கும், வயதில் மூத்தவர்களுக்கும், தொடைத் தசைநார் எலும்போடு சேரும் இடத்தில் புண்பட்டவர்களுக்கும் வெறும் பலகை உண்மையிலேயே கொடுமை. அவர்களைப் பார்த்து ‘பழகினால் சரியாகிவிடும்’ என்பது அநியாயம். புதிதாகத் தொடங்குபவருக்கு முதல் சில வாரங்களில் ஒரு மெல்லிய விரிப்பு, பயிற்சியை விட்டுவிடாமல் இருக்க உதவும் என்றால் அதுவே போதுமான காரணம்.

ஆனால் பெரும்பாலோர் வாங்குவது மெல்லிய விரிப்பை அல்ல, தடிமனான, மிருதுவான மெத்தையை. கடையில் அழுத்திப் பார்க்கும்போது கைக்கு இதமாக இருப்பதுதான் முதல் மணி நேரத்துக்குள் ஏமாற்றுகிறது. மிருதுவான நுரையில் எலும்பு முனைகள் அடிவரை இறங்கிவிடும். பிறகு இரண்டுக்கும் நடுவே உள்ள மெல்லிய சதை எடையைத் தாங்க வேண்டிவருகிறது. நீண்ட தூரம் போகும் சைக்கிள்காரர்கள் மெத்து மெத்தென்ற சீட்டைத் தவிர்ப்பது இதனால்தான். நடுவே ஓட்டை உள்ள வளைய மெத்தையும் நல்லதல்ல. அதன் விளிம்பு ஓட்டையைச் சுற்றி ரத்த ஓட்டத்தைத் தடுக்கிறது என்பதால் படுக்கைப்புண் வராமல் தடுக்க அது வேண்டாம் என்றே மருத்துவர்கள் சொல்கிறார்கள். போதாக்குறைக்கு, ஜெல்லும் நுரையும் வியர்வையில் ஊறி வழுக்கும். ஒவ்வொரு இழுப்பிலும் மெத்தை சற்றே நகர, துணியின் தையல் தோலில் உராயும். வலி போய்ச் சிராய்ப்பு வரும்.

மெத்தையால் நிவாரணம் கிடைத்ததாகச் சொல்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மெத்தை 3 செ.மீ. உயர்த்தினால், பாதம் அந்த அளவுக்குத் தாழ்ந்ததற்குச் சமம். இடுப்பு மடங்குவது எளிதாகிறது. இறுக்கமான தொடைத் தசை உள்ளவருக்கு இது பெரிய விடுதலை. மென்மைக்குக் கொடுக்கும் பெருமையில் பாதி இந்த உயரத்துக்குச் சேர வேண்டியது என்பது என் கணிப்பு. குதிகால் வைக்கும் பகுதியை ஓரிரு துளை கீழே இறக்கினால் அதே பலன் செலவில்லாமல் கிடைக்கும். காசு கொடுத்து எதையும் வாங்குமுன் இதைச் செய்து பாருங்கள்.

அடுத்தது உட்காரும் விதம். களைப்பு ஏற ஏற முதுகு கூனும், இழுப்பின் முடிவில் உடம்பு அளவுக்கு மீறிப் பின்னால் சாயும். எடை இருக்கை எலும்பைவிட்டு வால் எலும்பின் பக்கம் போய்விடும். கடிகார முள் 11 மணியில் நிற்கும் அளவுக்குச் சாய்ந்தால் போதும் என்பது பயிற்சியாளர்களின் கணக்கு. முதல் பத்து நிமிடத்தில் வராமல் நாற்பதாவது நிமிடத்தில் வரும் வலிக்கு இந்தச் சரிவைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். தடித்த மெத்தை இதைத் திருத்தாது. சரிய இன்னும் இடம்தான் கொடுக்கும்.

எல்லாவற்றையும்விட வலுவான மருந்து, எழுந்து நிற்பது. சைக்கிள் ஓட்டுபவர் அவ்வப்போது மிதியில் எழும்பி எடையை மாற்றிக்கொள்வார். துடுப்பு இயந்திரத்தில் அதற்கு வழியில்லை. முதுகுத்தண்டு அடிபட்டுச் சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கு 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை உடம்பைத் தூக்கியோ சாய்த்தோ அழுத்தத்தைக் குறைக்கச் சொல்லித் தருகிறார்கள். கானரித் தீவுகளின் லா கொமேராவிலிருந்து கரீபியக் கடலின் ஆன்டிகுவா வரை ஏறத்தாழ 4,800 கி.மீ. துடுப்பு வலிக்கும் அணிகள், இருக்கையில் ஆட்டுரோமத் தோல் விரித்தும் புண்ணோடுதான் கரை சேர்கின்றன. அவர்களும் பெரும்பாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றிக்கொள்கிறார்கள். வீட்டில் பயிற்சி செய்பவர் 20 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து அரை நிமிடம் நின்றால் திரையில் சராசரி வேகம் சற்றுக் குறையும். அதைத் தவிர இழப்பு எதுவும் இல்லை.

இவ்வளவு சொன்ன பிறகும் குறை முழுவதையும் பயிற்சி செய்பவர் தலையில் கட்ட முடியாது. பெண்களுக்கு இந்த எலும்புகளுக்கு இடையிலான அகலம் பொதுவாக அதிகம். சைக்கிள் கடைகளில் அந்த அகலத்தை அளந்து அதற்கேற்ற சீட்டைத் தருகிறார்கள். துடுப்பு இயந்திரங்களோ பெரும்பாலும் எல்லோருக்கும் ஒரே இருக்கையோடு வருகின்றன. குழி எலும்புக்கு நேராக அமையாதவருக்கு, அழுத்தத்தைப் பரப்ப வேண்டிய குழியின் விளிம்பே குத்தும் விளிம்பாகிவிடுகிறது. அத்தகையவருக்கு ஒரு செ.மீ. தடிமனுக்குள், அழுத்தினால் எளிதில் அமுங்காத நெருக்கமான நுரையில், வால் எலும்புக்கு வெட்டு விட்ட விரிப்பைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். எழுந்து நின்று சில நிமிடத்தில் போகாத மரப்புக்கு மட்டும் விரிப்பைத் தேடாமல் மருத்துவரைப் பாருங்கள்.

இயந்திரம் செய்பவர்கள் குறைந்தது இரண்டு அகலங்களில் இருக்கை செய்து, வாங்குபவர் தாமே மாற்றிக்கொள்ளும்படி தர வேண்டும். நீண்ட தூரப் பயிற்சிக்கென்று இயந்திரத்தை விற்பவர்கள் அதற்கேற்ற இருக்கையையும் விற்பதுதான் முறை.