வியட்நாம் வீடு: மேடையிலிருந்து திரைக்கு

வியட்நாம் வீடு, சுந்தரம் எழுதிய மேடை நாடகம். அதே பெயரில் 1970 ஏப்ரல் 11 அன்று திரைப்படமாகவும் வெளிவந்தது. சிவாஜி நாடக மன்றத்தின் மேடையில் 'பிரெஸ்டீஜ்' பத்மநாபனாக நடித்த சிவாஜி கணேசனே திரையிலும் அப்பாத்திரத்தை ஏற்றார். அவருடைய மனைவி சாவித்திரியாகப் பத்மினி நடித்தார். பி. மாதவன் இயக்கினார், கே. வி. மகாதேவன் இசையமைத்தார். இதன் புகழால் ஆசிரியருக்கு 'வியட்நாம் வீடு' சுந்தரம் என்ற பெயரே நிலைத்தது.

கதைக்களம்

பத்மநாபன் ஒரு நிறுவனத்தில் உயர்பதவி வகிப்பவர். நேர்மையும் நேரந்தவறாமையும் அவருக்கு உயிர். அவற்றைத் தம் 'பிரெஸ்டீஜ்' என்கிறார். பணி ஓய்வு பெற்றதும் சம்பளத்தோடு வீட்டிலிருந்த மரியாதையும் குறைகிறது. வளர்ந்த பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறார்கள். அக்காலத்தில் வியட்நாமில் நடந்துகொண்டிருந்த போரை நினைவூட்டும் தலைப்பு, உள்ளுக்குள்ளேயே போர் மூண்ட இந்தக் குடும்பத்தைக் குறிக்கிறது.

மேடையும் திரையும்

நாடகத்தைப் படமாக்குவோர் பலரும் முதலில் செய்வது, காட்சிகளை வீட்டை விட்டு வெளியே கொண்டுசெல்வது. வியட்நாம் வீடு இதைக் குறைவாகவே செய்தது. கதையின் பெரும்பகுதி வீட்டுக்குள்ளேயே நிகழ்கிறது. இதனால் இது 'படம்பிடிக்கப்பட்ட நாடகம்' என்ற குறை எழக்கூடும். ஆனால் இக்கதைக்கு அந்த அடைப்பு தேவை. அலுவலகத்தை இழந்தவருக்குப் போக்கிடம் வீடு ஒன்றுதான். அந்த வீட்டிலும் அவருடைய சொல் செல்லாது. வெளிப்புறக் காட்சிகள் கூடியிருந்தால் இந்த நெருக்கடி நீர்த்துப்போயிருக்கும்.

நடிப்பு

மேடை நடிகரின் குரல் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும். அசைவுகளும் பெரிதாக இருக்க வேண்டும். ஒளிப்படக் கருவியின் முன் அதே அளவு மிகையாகத் தெரியும். சிவாஜி கணேசனின் பல படங்களைப் பற்றிச் சொல்லப்படும் குறை இது. இப்படத்தில் அதற்கு வேறொரு நியாயம் இருக்கிறது. பத்மநாபனே ஒரு நடிகர். பிள்ளைகள் முன்னும் அலுவலர்கள் முன்னும் அவர் 'பிரெஸ்டீஜ்' என்ற வேடத்தை விடாமல் போட்டுக்கொண்டிருக்கிறார். நிமிர்ந்த நடையும் அழுத்தம் திருத்தமான பேச்சும் பாத்திரத்துக்கே உரியவை.

மேடையில் தாழ்ந்த குரலுக்கு இடம் குறைவு. அங்கே மனைவியிடம் தனியாகப் பேசுவதும் அரங்கம் முழுவதற்கும் கேட்க வேண்டும். திரையின் அண்மைக்காட்சிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. சாவித்திரியோடு தனித்திருக்கையில் முகம் மட்டும் தெரிய, அவர் வேடத்தைக் கழற்றிவிடுகிறார். பாரதியின் சொற்களைத் தொட்டுக் கண்ணதாசன் எழுதி, டி. எம். சௌந்தரராஜன் பாடிய 'உன் கண்ணில் நீர் வழிந்தால்' பாடற்காட்சி இதற்குச் சான்று. பத்மினியின் அடங்கிய நடிப்பு இவ்விடங்களுக்குத் துணைநிற்கிறது. மேடையை விடத் திரை கூடுதலாகத் தந்தது இதுவே.

குறைகள்

வணிகப் படத்தின் தேவைக்கான நகைச்சுவையும் இளையவர்களின் காதலும் வீட்டின் இறுக்கத்தைத் தளர்த்துகின்றன. பிள்ளைகளின் பக்க நியாயம் போதிய அளவு சொல்லப்படவில்லை. தந்தையின் கண்டிப்பில் அவர்கள் எப்படி வளர்ந்தார்கள் என்று கேட்டிருந்தால் மோதல் இன்னும் ஆழப்பட்டிருக்கும். எல்லாப் பழியும் நன்றிகெட்ட பிள்ளைகள் மேல் விழுவதால், பார்ப்பவர் தந்தைக்காகக் கண்ணீர் விடுவதோடு நின்றுவிடுகிறார்.

மதிப்பீடு

முடிவில், அறுவை சிகிச்சையிலிருந்து பிழைத்த பத்மநாபன், மீண்டும் வேலைக்கு அழைக்கப்பட்ட மகிழ்ச்சியைத் தாங்க முடியாமல் இறக்கிறார். செயற்கையான திருப்பம் போலத் தோன்றினாலும் கதையின் உண்மை இதில்தான் இருக்கிறது. பிள்ளைகள் தந்த துன்பத்தைத் தாங்கிய உடல், பதவி திரும்பிய செய்தியைத் தாங்கவில்லை. வேலையையே தன் மதிப்பாக எண்ணி வாழ்ந்தவருக்கு ஓய்வு என்பது என்ன என்ற கேள்வியை இப்படம் எழுப்புகிறது. மேடையில் பிறந்த கதை திரையிலும் நிற்பதற்கு அந்தக் கேள்வியே காரணம்.