பெயர் தெரியாத பறவை

என் நாவல் ஒன்றில் ஒரு மாந்தோப்பு வருகிறது. அந்தத் தோப்பில் ஒரு பெண் குயில் கூடு கட்டி, முட்டையிட்டு, கூட்டுக்குப் பக்கத்துக் கிளையில் உட்கார்ந்து கூவுகிறது. கதாநாயகி அதைப் பார்த்துத் தன் நிலையை நினைத்துக் கண் கலங்குகிறாள். புத்தகத்துக்கு ஆறு மதிப்புரைகள் வந்தன. அவற்றில் ஒன்று, ஆசிரியர் இயற்கையோடு ஒன்றியவர் என்பதற்கு அந்தக் குயில் காட்சியையே உதாரணமாக எடுத்துக் காட்டியிருந்தது. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பிறகு ஒரு வாசகரிடமிருந்து கடிதம் வந்தது. தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான்கே வரிகள். குயில் கூடு கட்டுவதில்லை, காக்கையின் கூட்டில் முட்டையிடும். நாம் கேட்டு மயங்கும் அந்தக் கூவல் ஆண் குயிலுடையது. பெண் குயில் கறுப்பும் அல்ல, பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளிகள் கொண்டது. மற்றபடி நாவல் நன்றாக இருந்தது.

அந்த 'மற்றபடி'யை நான் இரண்டு நாள் மறக்கவில்லை. குயில் காக்கைக் கூட்டில் முட்டையிடும் என்பது எனக்குத் தெரியாததல்ல. பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். தெரிந்திருந்தும் எழுதும்போது நினைவுக்கு வரவில்லை. ஏனென்றால் நான் குயிலைப் பற்றி எழுதவில்லை. சோகத்தைப் பற்றி எழுதினேன். குயில் அங்கே ஒரு மேடைச் சாமான். நாடகக் கொட்டகையில் அட்டையில் வெட்டிய மரம் நிற்பதுபோல அது நின்றது.

என்னுடைய பழைய கதைகளை எடுத்துப் புரட்டினேன். 'பெயர் தெரியாத ஏதோ ஒரு பறவை' என்ற தொடர் ஏழு இடங்களில் இருந்தது. ஒரு இடத்தில் அது விட்டு விட்டுக் கத்தியது; ஒரு இடத்தில் சடசடவென்று எழும்பிப் பறந்தது; மீதி இடங்களில் எல்லாம் அந்தி நேரத்தில் தனியாகப் போய்க்கொண்டிருந்தது. மற்றவர்கள் எழுதியதையும் பார்த்தேன். இந்தப் பறவை தமிழ்ச் சிறுகதை முழுவதிலும் பறந்துகொண்டிருக்கிறது. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களைப் பெயர் சொல்லி அடுக்கியிருக்கிறார் என்று மேடைதோறும் பெருமை பேசுகிறோம். அவற்றில் பத்துப் பூவைச் செடியில் காட்டி இன்னதென்று கேட்டால் நம்மில் எத்தனை பேர் தேறுவோம்? நான் தேறமாட்டேன்.

கடிதம் எழுதியவருக்கு நன்றி சொல்லிப் பதில் போட்டேன். அவர் ஓர் இயற்கை ஆர்வலர் சங்கத்தில் உறுப்பினர். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஏரிக்குப் போகிறோம், வாருங்கள் என்று அழைத்தார். போனேன். அதன் பின்னர் பலமுறை போயிருக்கிறேன். இந்தச் சங்கங்கள் செய்கிற காரியத்தைப் பற்றி எனக்கு இரண்டு விதமான அபிப்பிராயம் உண்டாகியிருக்கிறது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

நம் நாட்டில் இந்த வகைச் சங்கங்களுக்கு மூத்தது 1883-இல் பம்பாயில் தொடங்கிய இயற்கை வரலாற்றுக் கழகம். சென்னையில் இயற்கை ஆர்வலர் சங்கம் 1978-இல் தோன்றியது. இன்று பல ஊர்களில் சிறிய சங்கங்கள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் வேலை ஏறத்தாழ ஒன்றுதான். மாதம் ஒன்றிரண்டு முறை விடியற்காலையில் வெளியே போவது. இடையில் ஒரு மாலை ஒரு கூடத்தில் கூடி, காட்டையும் உயிர்களையும் காப்பது பற்றி ஒருவரைப் பேசச் சொல்லிக் கேட்பது. நான் பார்த்த சங்கத்தின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. நான் சொல்லும் நிறையும் குறையும் அதற்கு மட்டும் உரியவை அல்ல.

முதலில் நிறை. ஏரிக்கரையில் நாங்கள் பதினொரு பேர் நின்றோம். ஆறு மணி. பேச்சில்லை. தலைவர் என்று சொல்லத்தக்கவர் ஒரு இளம் பெண், வங்கியில் வேலை. கையில் ஒரு சிறு நோட்டு. கூழைக்கடா எத்தனை, நத்தைகுத்தி நாரை எத்தனை, அரிவாள்மூக்கன் எத்தனை என்று எண்ணி எழுதினார். நாணலுக்குள்ளிருந்து ஏதோ ஒன்று வெளிப்பட்டு இரண்டு விநாடியில் மறைந்தது. எங்களில் ஒருவர் அதற்கு ஒரு பெயர் சொன்னார். அபூர்வமான பறவையாம், அந்த ஏரியில் அதுவரை யாரும் பார்க்காததாம். எல்லோருக்கும் அது அதுவாகவே இருக்கவேண்டும் என்று ஆசை. அந்தப் பெண், "வால் பார்த்தீங்களா? கால் நிறம்?" என்று கேட்டார். அவர் பார்க்கவில்லை. "அப்ப எழுத முடியாது சார்" என்று நோட்டை மூடிவிட்டார்.

எனக்கு அந்தச் சிறு நிகழ்ச்சி ஒரு பெரிய பாடமாக இருந்தது. பார்த்ததை எழுது, பார்க்காததை, ஆசைப்பட்டதை, அழகாயிருக்கும் என்பதற்காக எழுதாதே. இலக்கிய விமரிசனத்தில் இதை எத்தனையோ கட்டுரைகளில் எத்தனையோ வார்த்தைகளில் சொல்லிப் பார்த்திருக்கிறோம். அந்தப் பெண் மூன்று வார்த்தையில் முடித்துவிட்டார். எனக்கு அப்படி ஒருவர் பக்கத்தில் இருந்து, 'வால் பார்த்தீர்களா?' என்று கேட்டிருந்தால் என் நாவலில் குயில் கூடு கட்டியிருக்காது.

இப்படி எழுதி வைக்கும் பட்டியலால் என்ன லாபம் என்று கேட்பவர்கள் உண்டு. நானும் கேட்டேன். பள்ளிக்கரணையைச் சொன்னார்கள். அரை நூற்றாண்டுக்கு முன் ஏறத்தாழ 5000 ஹெக்டேர் பரந்திருந்த சதுப்பு நிலம் அது. கட்டடமும் சாலையும் குப்பை மேடும் தின்றது போக இன்று பத்தில் ஒரு பங்கு அளவே எஞ்சியிருக்கிறது. அரசாங்கத் தாள்களில் இத்தகைய நிலத்துக்குப் பழைய பெயர் 'தரிசு'. தரிசு என்று எழுதிவிட்டால் அதில் எதையும் கொட்டலாம், எதையும் கட்டலாம். அது தரிசல்ல, இன்ன மாதத்தில் இன்ன பறவைகள் இத்தனை வந்து தங்குகிற இடம் என்று தேதி போட்டுச் சொல்ல யாரிடமாவது நோட்டு இருக்கவேண்டும். இருந்தது. பறவை பார்ப்பவர்களின் குறிப்புகளும், ஆய்வாளர்களின் அறிக்கைகளும், அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர்களின் முறையீடுகளும் சேர்ந்துதான் 2007-இல் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் பள்ளிக்கரணை சேர்ந்தது. போனது போனதுதான். ஆனாலும் மீந்தது மீந்ததற்கு அந்த நோட்டுகளும் ஒரு காரணம். சாட்சி சொல்ல ஆள் இல்லாத வழக்கு தோற்றுப்போகும்.

இனிக் குறை. அதே சங்கத்தின் சொற்பொழிவு ஒன்றுக்கும் போனேன். குளிரூட்டிய கூடம். அறுபது பேர் இருந்திருப்போம். பேசியவர் கற்றவர், உழைப்பாளி. படங்கள் மிக நேர்த்தி. ஒரு மணி நேரம் இங்கிலீஷில் பேசினார். இயற்கையைக் காக்கவேண்டும், அடுத்த தலைமுறைக்கு விட்டுச் செல்லவேண்டும், மக்களிடையே விழிப்புணர்ச்சி வேண்டும் என்று முடித்தார். எல்லோரும் கை தட்டினோம். அந்த அறுபது பேரில் காக்கக் கூடாது என்று நினைத்தவர் ஒருவரும் இல்லை. விழிப்போடு இருப்பவர்களை உட்கார வைத்து எழுப்பிவிட்டு வீட்டுக்கு அனுப்புவதற்கு ஒரு கூடம் எதற்கு?

இங்கிலீஷில் பேசுவது குற்றம் என்று சொல்லவில்லை. விஞ்ஞானப் பெயர்கள் அதில் இருக்கின்றன, வெளியூர்க்காரர்கள் இருக்கிறார்கள். என் மனத்தாங்கல் வேறு. அந்த ஏரிக்கரையில் நாங்கள் நின்றபோது ஆடு ஓட்டிக்கொண்டு ஒரு கிழவர் வந்தார். "என்ன சார் பாக்குறீங்க?" என்றார். எங்களில் ஒருவர் நீரில் மிதந்த சிறு பறவையைக் காட்டி அதன் இங்கிலீஷ் பெயரைச் சொன்னார். கிழவர் கண்ணுக்கு மேல் கை வைத்துப் பார்த்தார். "அட, முக்குளிப்பான்! தலை இங்க முங்கும், அங்க எந்திரிக்கும். குஞ்சு பொரிச்சா முதுகுல ஏத்திக்கிட்டுப் போவும் பாருங்க. கூட்டை விட்டுப் போறப்ப பாசியை அள்ளி முட்டைய மூடிட்டுத்தான் போவும்" என்றார். அவர் சொன்ன அத்தனையும் சரி. பறவை நூல்களில் இருப்பதும் அதுதான். ஆனால் நோட்டில் அவர் சொன்னது ஏறவில்லை. "சரிங்க ஐயா" என்று மரியாதையாகத் தலையாட்டிவிட்டு எங்கள் ஆட்கள் அடுத்த பறவைக்குப் போய்விட்டார்கள். அவருக்குப் பின்னால் அந்தப் பெயரும் அந்தச் செய்தியும் யாரிடம் இருக்கும்? பறவையை எண்ணுகிறோம், பறவைக்குப் பெயர் வைத்தவனை எண்ணாமல் விட்டுவிடுகிறோம்.

இதற்கு ஒரு பெரிய உதாரணம் உண்டு. தமிழின் ஆரம்பகால நாவலாசிரியர்களில் ஒருவர் அ. மாதவையா. அவருடைய மகன் மா. கிருஷ்ணன், 1912-இல் பிறந்து 1996-இல் மறைந்தவர், நம் நாடு கண்ட மிகச் சிறந்த இயற்கையியலாளர்களில் ஒருவர். கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் 1950 முதல் இறக்கும் வரை 46 ஆண்டுகள் விடாமல் எழுதினார். நம் பக்கத்துப் பல்லியையும் காக்கையையும் யானையையும் பற்றிக் கல்கத்தாக்காரர்கள் காலைக் காப்பியோடு படித்தார்கள். அவர் தமிழிலும் எழுதியிருக்கிறார்; அவை 'மழைக்காலமும் குயிலோசையும்' என்று சு. தியடோர் பாஸ்கரன் தொகுத்து நூலாகவும் கிடைக்கின்றன. ஆனாலும் அவர் எழுத்தில் பெரும்பகுதி இங்கிலீஷில்தான். அது அவர் குற்றமல்ல. 46 ஆண்டுகள் விடாமல் பல்லியையும் காக்கையையும் பற்றி எழுத இடம் கொடுத்த தமிழ்ப் பத்திரிகை எது?

மக்களுக்கு விழிப்புணர்ச்சி இல்லை என்ற வாக்கியத்தை நான் ஒப்புக்கொள்வதில்லை. வேடந்தாங்கல் ஏரியைப் பாருங்கள். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே, அங்கே பறவைகளைச் சுடக்கூடாது என்று கிராமத்தார் கும்பினி அதிகாரியிடம் உத்தரவு வாங்கியிருக்கிறார்கள். காரணம் கவிதையல்ல. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பாய்ந்தால் பயிர் செழிக்கும் என்பது அவர்கள் கண்ட உண்மை. சிவகங்கைப் பக்கம் வேட்டங்குடியில் பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கு வெடி வெடிக்காமலே இருக்கிறார்கள். இவர்களுக்கு யாரும் படம் போட்டுப் பிரசங்கம் செய்யவில்லை. உடனே கிராமம் என்றால் எல்லாம் கருணை என்று எழுதிவிடவும் கூடாது. அது இன்னொரு குயில் கூடு. கண்ணி வைத்துக் கொக்கும் மடையானும் பிடித்துச் சாலையோரம் விற்கிறவர்களும் அதே வயல்வெளியில் இருக்கிறார்கள். பேச வேண்டிய இடம் அதுதான். அங்கே பேசுவதற்கு இங்கிலீஷும் உதவாது, மேடைத் தமிழும் உதவாது. மடையான் என்ன தின்கிறது, வயலில் அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று அவன் பேச்சிலேயே பேசத் தெரியவேண்டும்.

செய்கிறவர்கள் இல்லாமல் இல்லை. 2015 முதல் பொங்கல் நாட்களில் தமிழ்நாடெங்கும் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் தமிழிலேயே பெயர் சொல்லி எண்ணுகிறார்கள். சென்னைக் கடற்கரையில் 1988 முதல் மாணவர்கள் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவில் நடக்கிறார்கள். முட்டையிட வரும் பங்குனி ஆமையின் தடத்தைத் தேடி, ஒரு குழியில் நூறுக்கு மேல் இருக்கும் முட்டைகளை எடுத்துப் பாதுகாப்பான மணலில் புதைத்து, நாற்பத்தைந்து நாளோ அதற்கு மேலோ காத்திருந்து, பொரிந்த குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். விடாவிட்டால் அவை தெருவிளக்கின் வெளிச்சத்தைக் கடலின் வெளிச்சம் என்று எண்ணிச் சாலைக்கு ஏறும். கூடவே நடக்கிற பொதுமக்களுக்கு இதெல்லாம் மணலிலேயே சொல்லப்படுகிறது. பேச்சும் நடையும் அங்கே வேறுவேறல்ல. சங்கங்களின் சொற்பொழிவுகள் அந்த மணலுக்கு இறங்கினால் போதும்.

எழுத்தாளனுக்கு இதில் வேலை இருக்கிறது. சங்கத்தாரிடம் கண் இருக்கிறது. கிழவரிடம் பெயர் இருக்கிறது. இரண்டையும் ஒரு வாக்கியத்தில் சேர்ப்பது நம் தொழில். சங்க இலக்கியச் செடி கொடிகளையும் பறவைகளையும் ஒவ்வொன்றாய் அடையாளம் கண்டு எழுதிய பி. எல். சாமி போன்றவர்கள் பாதி வழி போட்டுக் கொடுத்துவிட்டார்கள். மீதி வழியில் நாம் விடியற்காலையில் எழுந்து போகவேண்டும். அவ்வளவுதான் சிரமம்.

என் நாவல் மறுபதிப்பு வந்தபோது குயில் கூட்டைக் கலைத்துவிட்டேன். இப்போது தோப்பில் ஒரு காக்கை, தன்னுடையதல்லாத குஞ்சுக்கு இரை ஊட்டுகிறது. கதாநாயகிக்கு அது முன்னதைவிடப் பொருத்தமாகவே இருக்கிறது. சிறுகதைகளில் இருந்த ஏழு பெயர் தெரியாத பறவைகளில் நான்கை, அந்தந்த ஊரையும் மாதத்தையும் நினைத்துப் பார்த்துச் செம்போத்து, கரிச்சான், ஆள்காட்டி, பனங்காடை என்று திருத்தினேன். மற்ற மூன்றும் என்ன பறவை என்று எவ்வளவு யோசித்தும் தெரியவில்லை. நான் அவற்றைப் பார்த்ததே இல்லை போலிருக்கிறது. அடித்துவிட்டேன்.