தபசுக் காட்சி நேரலையில்

சங்கரன்கோவில் ஆடித்தபசை நேரலையில் காட்டுபவர்கள் மீது எனக்குத் தனி மரியாதை உண்டு. ஆடி உத்திராடத்தன்று மாலை, தவமிருக்கும் கோமதி அம்மனுக்கு சுவாமி சங்கரநாராயணராகக் காட்சி தருவார். அந்தச் சில நிமிடங்களை விட்டால் போச்சு. கல்யாண வீடியோ மாதிரி பிறகு வெட்டி ஒட்டிக்கொள்ள முடியாது.

கை தேர்ந்தவர் படத்தைவிடச் சத்தத்தைத்தான் முதலில் கவனிப்பார். மைக்கில் பேசுவதை ஆம்ப்ளிஃபயரிலிருந்தே ஒயர் போட்டு எடுப்பார். நாகஸ்வரத்துக்கும் தவிலுக்கும் தனி மைக் வைப்பார். படம் கொஞ்சம் மங்கினாலும் ஜனங்கள் பொறுத்துக்கொள்வார்கள். சத்தம் கரகரத்தால் உடனே போய்விடுவார்கள். கூட்டம் கூடியதும் மொபைல் நெட் திணறும் என்பதால், பக்கத்து வீட்டு ஃபைபர் இணைப்பை முன்கூட்டியே கேட்டு வாங்கிவைப்பார். கேமராவை ஸ்டாண்டிலிருந்து அசைக்கமாட்டார். விவசாயிகள் வீசும் பருத்தியும் மிளகாய் வற்றலும் சப்பரத்தில் வந்து விழுவது அப்போதுதான் தெளிவாகத் தெரியும். எனக்குப் பிடித்த காட்சி அதுதான்.

2020 மே 4 அன்று, ஊரடங்கில், மதுரை மீனாட்சி திருக்கல்யாணத்தை பக்தர்கள் வீட்டிலிருந்தே இணையத்தில் பார்த்தார்கள். வயதானவர்களுக்கும் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கும் அந்தத் தேவை இன்றும் இருக்கிறது.

புதிதாகத் தொடங்குபவர்கள் முதலில் கோயில் நிர்வாகத்திடம் அனுமதி வாங்குங்கள். யூடியூபில் முதல்முறை நேரலையைத் திறக்க 24 மணி நேரம் வரை ஆகலாம். கொடியேற்றத்துக்கு முன்பே அந்த வேலையை முடித்துவிடுங்கள்.