ஹிட்டாச்சிக்கு எதிரே ஒரு ஒராங்குட்டான்

அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். போர்னியோ தீவின் மேற்குக் கலிமந்தானில் சுங்கை புத்ரி காடு. வெட்டிச் சாய்த்த மரத்தின் மேல் ஒரு ஒராங்குட்டான் நடந்து வருகிறது. எதிரே, நம்மூரில் ஹிட்டாச்சி என்போமே, அந்த மண்வாரி. 2013இல் ஒரு மீட்புக் குழு எடுத்த காட்சி. 2018இல் வெளியானதும் உலகம் முழுக்கச் சுற்றியது. நானும் ‘தனி ஒருவன்’ என்று எழுதி ஸ்டேட்டஸ் வைத்தேன்.

இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. அங்கே சண்டையே இல்லை. வாழ்நாளில் பெரும்பகுதியை மரத்தில் கழிக்கும் உயிர், ஏற மரமில்லாமல் தவிக்கிறது, அவ்வளவுதான். நாயகன், வில்லன் எல்லாம் நாம் போட்ட வேஷம்.

காட்சி பொய் சொல்லவில்லை. ஆனால் அழிவு என்றால் இப்படித்தான், இத்தனை சத்தத்தோடுதான் வரும் என்று நம்ப வைத்துவிடுகிறது. 1999க்கும் 2015க்கும் இடையில் போர்னியோ ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஒராங்குட்டான்களை இழந்தது என்கிறது 2018இல் ‘கரண்ட் பயாலஜி’ இதழில் வந்த ஆய்வு. எண்ணெய்ப்பனைத் தோட்டமாக மாறிய இடங்களில் சரிவு படுவேகம், உண்மைதான். ஆனால் எண்ணிக்கையில் அதிகம் போனது மரங்கள் இன்னும் நிற்கும் காடுகளில். இறைச்சிக்காகக் கொல்கிறார்கள். தோட்டத்தில் நுழைந்ததற்காகக் கொல்கிறார்கள். குட்டியைப் பிடித்து விற்கத் தாயைக் கொல்கிறார்கள். சாட்டிலைட் படத்தில் அந்த இடமெல்லாம் பச்சைப் பசேல்.

எங்கள் வேலையில் சர்வர் ஒரேயடியாக விழுந்தால் நள்ளிரவில் போன் வரும், எல்லோரும் ஓடுவோம். மெமரி லீக் என்றால் டேஷ்போர்டு பச்சையாகவே இருக்கும். வாரக்கணக்கில் யாரும் கவனிக்க மாட்டோம். ஒராங்குட்டான் தாய் ஏழெட்டு வருடத்துக்கு ஒரு குட்டிதான் ஈனுகிறது. வருடத்துக்கு ஒன்றிரண்டு பெண் கூடுதலாகச் செத்தாலே ஒரு சின்னக் காட்டின் கணக்கு மீளாது.

இதை எந்தக் கேமரா காட்டும்? ஒராங்குட்டான் அநேகமாக ஒவ்வொரு இரவும் புதுக் கூடு கட்டித் தூங்கும். ஆய்வாளர்கள் அந்தக் கூடுகளை எண்ணித்தான் கணக்கெடுக்கிறார்கள். கூடே இல்லாத கிளைகளை மட்டும் அரைமணி நேரம் காட்டும் ஒரு படம் வந்தால் நான் பார்ப்பேனா? தெரியவில்லை. பத்து விநாடியில் தள்ளிவிட்டிருப்பேன்.

இன்னொன்று. நான் ஸ்டேட்டஸ் வைத்த நாளில் அந்தக் காட்சிக்கே ஐந்து வயது. ஒரு தாய் அடுத்த குட்டிக்குத் தயாராகக்கூட அது போதாது.